பெட்டிக்குள் என்ன கறி

எங்கள் ஆட்கள் சாப்பாட்டைப் பற்றி எப்போதும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "சாப்பிட்டாச்சோ?" என்பது முதலாவது. ஓம் என்று சொன்னால் உடனே இரண்டாவது வரும்: "என்ன கறி?" இரண்டாவதற்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறவர் முதலாவதில் பொய் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாரிஸில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்கு முனையில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் நான் காசு மேசையில் இருந்த வருடங்களில், இந்தக் கேள்விகள் இல்லாமல் ஒரு மத்தியானம்கூடக் கழிந்ததில்லை. எனக்கும் அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், என்ன கறி என்றும் விவரமாகச் சொன்னேன்.

பிறகு மத்தியானத்தில் உறைந்த பெட்டிச் சாப்பாடு சாப்பிட வேண்டி வந்தது. அதற்குக் காரணம் என் அண்ணனின் சிறுநீரகங்கள்.

அண்ணன் எங்கள் கடையிலிருந்து மூன்று கடை தள்ளியிருந்த உணவகத்தில் சமையற்காரர். பிரஷர் பல வருடமாக இருந்தது. அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. 2011 இல் இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றாகக் கைவிட்டன. அதன்பிறகு மத்தியானச் சமையலை முடித்துவிட்டு, கிழமையில் மூன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் டயலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு, கடைசி ரயிலில் புறநகர் ஓல்னே-சூ-புவாவிலிருந்த வீட்டுக்குப் போவார். நாள் முழுக்க அடுப்படியில் வேகிற மனிதருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க அரை லீட்டர் தண்ணீர்தான் அனுமதி. குடித்தது இயந்திரத்தால் மட்டும்தான் வெளியே போகும். சமைத்ததில் பாதியை அவர் சாப்பிடக் கூடாது. உப்பு, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை எல்லாம் விலக்கு. ருசி பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் ஒற்றிவிட்டுத் துப்புவார். கறி எப்போதும்போல்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். உயிரோடிருக்கும் சகோதரங்கள் கொடுக்கலாம். இந்த நாட்டில் அவருக்கு இருந்த ஒரே சகோதரம் நான். எல்லாச் சோதனையும் செய்தார்கள். எல்லாம் பொருந்தியது. வைத்தியர் எனக்கு எதிரே உட்கார்ந்து, "உங்கள் சிறுநீரகங்கள் மிக நன்றாக இருக்கின்றன, மடாம்," என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். என் உடம்பில் ஏதாவது ஒன்று நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கன காலமாகியிருந்தது. "எடைதான் அதிகம். எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள். இந்த எடையில் உங்களை ஒப்பரேஷன் மேசையில் ஏற்ற மாட்டோம்."

அன்று கோபத்தில் ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போனேன். எட்டுக் கிலோவும் வழியிலேயே கழன்று விழும் என்று நினைத்தேனாக்கும். ஒன்றும் விழவில்லை. கால்தான் வீங்கியது.

ஆஸ்பத்திரியில் ஓர் உணவு ஆலோசகர் இருந்தார். மெலிந்த, மிகவும் பொறுமையான பெண். நான் என்ன சமைக்கிறேன் என்று கேட்டுக் கலோரி கணக்குப் போட முயன்றார்.

"கறிக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு விடுவீர்கள்?"

"காணுமான அளவு."

"எத்தனை மில்லிலீட்டர்?"

"கறியைப் பார்த்தால் தெரியும்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். மத்தியானத்தில் மட்டுமாவது உறைந்த பெட்டிச் சாப்பாடு சாப்பிடச் சொன்னார். பெட்டியிலேயே கலோரி அச்சடித்திருக்கும், கணக்குத் தப்பாது, ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். நான் சரி என்றேன். எனக்கு அப்போது இரண்டு பெட்டி சாப்பிடுவதென்றாலும் சரிதான். அண்ணனுக்குச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உறைந்த சாப்பாடு மட்டுமே விற்கும் கடைக்கு முதல் முதலாகப் போனேன். உள்ளே ஆஸ்பத்திரியைவிட வெள்ளையாகவும் அமைதியாகவும் இருந்தது. யாரும் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை, விலை பேசவில்லை. ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ஆயிரத்து நானூறு என்று போட்டிருந்தது. இதைச் சாப்பிட்டா இவ்வளவு பிரெஞ்சுப் பெண்கள் மெலிந்து திரிகிறார்கள் என்று திடுக்கிட்டுப் போனேன். அது கிலோஜூல். பக்கத்தில் சின்ன எழுத்தில் கலோரி தனியாக இருந்தது, முன்னூற்றுச் சொச்சம். ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு எண் போட்டுச் சனத்தைக் குழப்புவது எதற்கென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சல்மன் மீனும் கீரையும், காளான் போட்ட கோழி, உருளைக்கிழங்கு மசியலுக்குக் கீழே அரைத்த மாட்டிறைச்சி. மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கினேன்.

எங்கள் கடையில் மத்தியானச் சாப்பாடு முதலாளியின் பொறுப்பு. அண்ணனின் உணவகத்திலிருந்து ஒரு பெரிய சட்டியில் சோறும் மூன்று கறியும் வரும். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பின்னறையில் மாறி மாறிப் போய்ச் சாப்பிடுவோம். நான் என் பெட்டியை மைக்ரோவேவில் வைத்தேன். முதலாளி தேத்தண்ணி சூடாக்க வாங்கி வைத்திருந்த மைக்ரோவேவ் அது. மீன் வெட்டுகிறவர் அப்போது சட்டியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். வன்னியிலிருந்து முந்தின வருடம்தான் வந்தவர். அதிகம் பேசமாட்டார், எந்தச் சாப்பாட்டையும் குறை சொல்லவும் மாட்டார்.

"உதென்ன அக்கா?"

"என்ரை சாப்பாடு."

"என்ன கறி?"

நான் பெட்டியின் படத்தைப் பார்த்துச் சொன்னேன். "மீனும் கீரையும்."

அவர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார். பிறகு என் கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மைக்ரோவேவுக்குப் பின்னாலும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"சோறு?"

விஷயம் மூன்று கடை தாண்டிப் போவதற்கு அரை மணித்தியாலம் எடுக்கவில்லை. ஏப்ரனோடு அண்ணன் வந்து நின்றார். என் கையிலிருந்த முள்ளுக்கரண்டியை வாங்கி, பெட்டியின் மூலையில் ஒரு துளி எடுத்து நாக்கில் ஒற்றிவிட்டு, கை கழுவும் தொட்டியில் துப்பினார்.

"உதிலை உப்பு இருக்கு. வேறை ஒண்டுமில்லை."

"எட்டுக் கிலோ குறைக்க வேணும், அண்ணை. உங்களுக்காகத்தான்."

"அதுக்கு வெறும் கறியை எப்பிடியடி சாப்பிடுறது? வயித்திலை புண் வரும்."

அடுத்த நாள் சட்டியோடு எனக்கென்று தனியாக ஒரு தூக்குச்சட்டி வந்தது. திறந்தால் குத்தரிசிச் சோறு. கறி ஒன்றும் இல்லை. அண்ணன் தொலைபேசியில் விளக்கம் சொன்னார். "குத்தரிசி உடம்புக்கு நல்லது. கறி நான் அனுப்பேல்லை, பார். கொழுப்பு முழுக்கக் கறியிலைதான். கறியை நீ பெட்டியிலை சாப்பிடு, அதிலை அவங்கள் கணக்குப் போட்டிருக்கிறாங்கள்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், மீனும் கீரையும் குத்தரிசியோடு மிக நன்றாகப் போனது. கொஞ்சம் மிளகாய்த்தூளும் எலுமிச்சைப் புளியும் விட்டுப் பிசைந்தால் அது பிரான்சில் செய்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். காளான் கோழிக்கும் சோறு பொருந்தியது. மாட்டிறைச்சிப் பெட்டியில் ஏற்கெனவே உருளைக்கிழங்கு இருந்ததால் சோற்றில் ஒரு பிடி குறைத்தேன். எனக்கு என்னைப் பற்றியே மரியாதை வந்தது. பின்னறையில் எல்லோரும் மூன்று கறியோடு சாப்பிட, நான் ஒரே கறியோடு சாப்பிட்டு எழும்பினேன். அக்கான்ரை சோறு நல்லா மணக்குது என்று மீன் வெட்டுகிறவர் சொன்னபோதும் அது குத்தரிசியின் வாசம் என்றுதான் நினைத்தேன்.

மாதம் முடிய ஆலோசகரிடம் போனேன். தராசில் ஏறினேன். ஒரு கிலோ கூடியிருந்தது.

"மத்தியானம் பெட்டிதானே?"

"பெட்டிதான்."

"ஒன்றுதானே?"

"ஒன்றேதான்."

"பெட்டியோடு என்ன சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள்?"

"ஒன்றும் இல்லை."

"பாண்? சீஸ்? வெண்ணெய்?"

"ஒன்றும் இல்லை, மடாம்." பாண் என்ற பேச்சே எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது. பெட்டியோடு யாராவது பாண் சாப்பிடுவார்களா?

அவர் என் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார். தேத்தண்ணிச் சீனியை நிறுத்தினார். தைரொயிட் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுக்கவும் எழுதித் தந்தார். தைரொயிட் நன்றாகவே இருந்தது. அடுத்த மாதம் இன்னும் அரைக் கிலோ கூடியது. அண்ணன் ஒவ்வொரு முறையும் தவறாமல் போன் எடுத்து எவ்வளவு என்று விசாரிப்பார். நான் சொன்னதும் ஒரு பெருமூச்சு விடுவார்.

"நீ என்ன செய்வாய், பாவம். உன்ரை உடம்பு வாகு அப்பிடி. அம்மான்ரை உடம்பு."

அவருடைய கால்கள் அப்போது வீங்கத் தொடங்கியிருந்தன. சப்பாத்தை விட்டுவிட்டுச் செருப்போடு வேலைக்கு வந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்து என் தொடையை நானே கிள்ளிக்கொண்டு, சனியன், குறையேன் என்று திட்டியிருக்கிறேன். கணவருக்கு இரவு வேலை. விடிய வீட்டுக்கு வரும்போது நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று வயிற்றை ஏசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது. என் கொழுப்பினால் அண்ணன் செத்துப்போவார் என்று பயந்தேன்.

மூன்றாவது சந்திப்பில் ஆலோசகர், பெட்டிகள் பிடித்திருக்கின்றனவா, சலித்துப்போய்விட்டதா என்று அன்பாகக் கேட்டார். அன்பாகக் கேட்டதால் மனதில் இருந்த ஒரு குறையைச் சொன்னேன். "எல்லாம் நல்லம். குழம்புதான் கொஞ்சமாக இருக்கிறது. சோற்றுக்குக் காணாது."

"எந்தச் சோற்றுக்கு?"

"என் சோற்றுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பெட்டியோடு ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று சொன்னீர்களே என்றார். சாப்பிடுவதில்லைத்தானே என்றேன். சோற்றை என்ன செய்கிறீர்கள் என்றார். சோற்றைச் சாப்பிடுகிறேன் என்றேன். அப்போதுதான் எங்கே பிசகியது என்று எனக்கே விளங்கியது. நாங்கள் சோற்றோடு கறி சாப்பிடுவோம். கறியோடு சோறு சாப்பிடுவதில்லை. சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் அதோடு சேர்வது. பெட்டியோடு என்ன என்று அவர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சோற்றோடு என்ன என்று கேட்டிருந்தால் முதல் நாளே ஒரு பெட்டி என்று சொல்லியிருப்பேன்.

எவ்வளவு சோறு என்று கேட்டார். கையால் தூக்குச்சட்டியின் அளவைக் காட்டினேன். அவர் கணக்குப் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே உணவகத்தின் பின்பக்கத்துக்குப் போனேன். மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. அண்ணன் சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சோத்தாலைதான் எல்லாம். சோறு சாப்பிட்டா மெலியேலாதாம்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

அவர் பானையைக் கவிழ்த்து வைத்தார். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தார். "நெய்யும் விட்டனான்," என்றார்.

முதலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"நீ மெலிஞ்சா உன்னை வெட்டுவினம். உனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு. மேசையிலை ஏதும் நடந்தா நான் அதுகளின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? கிழமைக்கு மூண்டு தரம் போய்ப் படுத்திட்டு வாறன். எனக்கு அது காணும்."

"அதை என்னட்டை நேரை சொல்லலாமே!"

"சொன்னா நீ கேப்பியோ? சின்னனிலையிருந்து நீ ஆற்றை சொல்லைக் கேட்டனி? சோத்தை வேண்டாம் எண்டு மட்டும் நீ சொல்லமாட்டாய்."

அது உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பானை கழுவுகிற ஆட்கள், காய்கறி இறக்குகிற ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். "நீங்கள் செத்துப்போனா நான் ஆரை அண்ணை எண்டு கூப்பிடுறது? அந்த நெய்யையோ?" அவர் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த அகப்பையைத் திரும்பவும் கழுவினார். நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதை அவரிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. இப்போதும் என் வீட்டில் பருப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு கன நாள் நாங்கள் கதைக்கவில்லை. சட்டி வரும், தூக்குச்சட்டி வராது. நான் பெட்டியை மட்டும் சாப்பிட்டேன். சோறு இல்லாத மீனும் கீரையும் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் சொன்னது சரி. உப்பு இருந்தது, வேறொன்றும் இல்லை. ஆறு வாயில் முடிந்துவிடும். முடிந்த பிறகும் சாப்பாடு இன்னும் தொடங்கவில்லை என்று வயிறு காத்துக்கொண்டிருக்கும். மீன் வெட்டுகிறவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூட்டையைப் பார்த்தபடி சாப்பிடப் பழகினார். கடைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டாச்சோ என்று கேட்டால் இல்லை என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. எடை இறங்கத் தொடங்கியது. எனக்குக் குணமும் இறங்கியது. மாம்பழத்தை அமத்திப் பார்த்த ஒரு மனிசியைக் கடைக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் சட்டி வரவில்லை. போய்ப் பார்க்கச் சொல்லி முதலாளி ஆளை அனுப்பினார். அண்ணன் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். அம்புலன்ஸ் வந்தபோது நானும் ஏறினேன். வழி முழுக்க அவருடைய வீங்கின காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவருடைய வாயில் ஒக்சிஜன் மூடி இருந்தது. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அவர் திரும்பவும் வேலைக்கு வந்த கிழமையில் ஒரு நாள், சட்டியோடு எனக்கென்று ஒரு தூக்குச்சட்டி வந்தது. புதிது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திருப்பி அனுப்பலாம் என்று நினைத்து, எவ்வளவு நெய் விட்டிருக்கிறார் என்று பார்க்க மட்டும் திறந்தேன்.

உள்ளே மீனும் கீரையும் இருந்தன. பெட்டிச் சாப்பாடுதான், அந்தச் சதுர வடிவம் கூடக் கலையவில்லை. உணவகத்து அடுப்பில் சூடாக்கி, மேலே மிளகு தூவி, ஒரு பாதி எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். மூடிக்கு உள்பக்கத்தில் பெட்டியின் அட்டையிலிருந்து வெட்டின ஒரு துண்டை ஒட்டியிருந்தார், கலோரி போட்ட இடம். கிலோஜூலைப் பேனாவால் வெட்டிவிட்டிருந்தார். வெள்ளையாகவும் அமைதியாகவும் இருக்கும் அந்தக் கடைக்குள் என் அண்ணன் ஏப்ரனோடும் செருப்போடும் போய், குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நான் அரிசி மூட்டையில் உட்கார்ந்து அழுதேன். மீன் வெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, சோறு வரேல்லையோ?"

"வரேல்லை," என்றேன். "சோறு வரேல்லை."

அன்றிலிருந்து எட்டுக் கிலோ முடியும்வரை பெட்டியை அவரே வாங்கிச் சூடாக்கி அனுப்பினார். 

சிறுநீரகம் கொடுப்பவர் முதலில் ஒரு குழுவுக்கு முன்னால் போக வேண்டும், பிறகு நீதிபதியிடம் சம்மதம் சொல்ல வேண்டும். அது இந்த நாட்டுச் சட்டம். குழுவில் ஒரு வயதான மனிதர் கேட்டார்: இதற்கு உங்கள் சகோதரர் உங்களை எந்த விதத்திலாவது வற்புறுத்தினாரா? இல்லை, நெய் விட்டுத் தடுத்தார் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், நான் சரியாகத்தான் சொன்னேன் என்றேன்.

ஒப்பரேஷன் முடிந்து நான் ஒரு மாடியிலும் அண்ணன் இன்னொரு மாடியிலும் கிடந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனார்கள். எழும்பி உட்கார முடியவில்லை, விலாவுக்குக் கீழே நெருப்பாக எரிந்தது. தொலைபேசி அடித்தது.

"சாப்பிட்டாச்சோ?" குரல் கரகரத்தது.

"ஓம், அண்ணை."

"என்ன கறி?"

தட்டின் மூடியைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. "மீனும் கீரையும்."

அவர் சோறு எங்கே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் வீட்டில் அண்ணன்மார் தங்கைமாருக்கு முன்னால் உடம்புக் கதை கதைக்க மாட்டார்கள். அவரும் அதுவரை கதைத்ததில்லை.

"மூத்திரம் போகுதடி," என்றார் அண்ணன். "ரெண்டு வருசத்துக்குப் பிறகு. நிக்குதில்லை. போய்க்கொண்டே இருக்கு."